சேலத்தில் இருந்தபடி கோல்ஃப்: மாடி வலையா, பயிற்சியாளரா, மாதம் ஒரு ஆட்டமா, புது மட்டையா?

போன மாதம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் கோரிமேட்டுப் பக்கம் இருக்கும் மருத்துவர். இன்னொருவர் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர். மூன்றாமவர் ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பரின் மனைவி. மூவரும் நாற்பதைத் தாண்டிய பிறகு கோல்ஃப் ஆட ஆரம்பித்தவர்கள், மூவருக்கும் ஆசை விடவில்லை. "ஒரு வருஷத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். எதில் போட்டால் ஆட்டம் தேறும்?" என்பதுதான் கேள்வி.

சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு இது பெரிய கேள்வி இல்லை. வேலை முடிந்து போகிற வழியில் ஒரு வாளி பந்து அடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். நமக்கு 18 ஹோல் (18 குழி கொண்ட முழு ஆட்டம்) ஆட வேண்டுமென்றால் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்புக்கோ, ஓசூரை ஒட்டிய க்ளோவர் கிரீன்ஸுக்கோ போக வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். அதனால் நம் கணக்கே வேறு. எட்டு வருஷமாக இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

எல்லோரும் முதலில் செலவைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: அடித்தது தப்பு என்றால் அது நமக்குத் தெரிகிறதா? மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்பதைக் கையால் உணர்ந்து சொல்ல நம்மைப் போன்றவர்களால் முடியாது. யாராவது சொல்ல வேண்டும், அல்லது பந்து போகிற பாதை சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் தினமும் நூறு பந்து அடித்தால் தப்புதான் பழகிப்போகும்.

அடுத்து, வாரத்தில் எத்தனை நாள் மட்டையைத் தொட முடியும் என்பது. அப்புறம் முழுச் செலவு: கடைக்காரர் சொல்லும் விலை மட்டும் அல்ல, பெட்ரோல், சுங்கம், முழங்கை வலி, வீட்டில் இல்லாமல் போகும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்த்து. கடைசியாக, ஆட்டம் ஆடிய சந்தோஷம் கிடைக்கிறதா? இதைக் கடைசியில் சொன்னாலும் இது சின்ன விஷயம் இல்லை. பொழுதுபோக்காக ஆடுகிறவர் சந்தோஷம் இல்லாத பயிற்சியை மூன்று மாதத்தில் விட்டுவிடுவார்.

| | தப்பு தெரியுமா | வாரத்தில் எத்தனை நாள் | கண்ணுக்குத் தெரியாத செலவு | சந்தோஷம் |
|---|---|---|---|---|
| மாடி வலை | பாதிதான் | 4, 5 நாள் | வெயிலில் இற்றுப்போகும் வலை, முழங்கை | குறைவு |
| பயிற்சியாளர் | நன்றாகத் தெரியும் | 2 மாதத்துக்கு ஒரு முறை | பயணம், முதல் சில வாரம் மோசமாகும் ஸ்கோர் | நடுத்தரம் |
| மாதம் ஒரு ஆட்டம் | தெரியும், காரணம் தெரியாது | மாதம் 1 நாள் | பெட்ரோல், சுங்கம், கேடி (மட்டைப் பை தூக்கி வழி சொல்பவர்), ஒரு முழு நாள் | மிக அதிகம் |
| புது மட்டை | தெரியாது | பொருந்தாது | அளவு பார்க்கும் பயணம், விற்றால் பாதி விலை | ஒரு மாதம் |

## மாடி வலை

சேலத்தில் கோல்ஃப் ஆடுகிற பலரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான். மொட்டைமாடியில் பத்தடிக்குப் பத்தடி இடம், நான்கு இரும்புக் குழாய், ஒரு வலை, கீழே ஒரு பாய். பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது.

முதலில் ஒரு எச்சரிக்கை. நான் செலவை மிச்சம் பிடிக்க கிரிக்கெட் வலையை வாங்கிக் கட்டினேன். அதன் கண்ணி கிரிக்கெட் பந்துக்கு ஏற்றது. கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர்தான். மூன்றாம் நாள் காலை ஒரு பந்து கண்ணியை விரித்துக்கொண்டு வெளியே போய்விட்டது. பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த அக்காவுக்கு இரண்டடி தள்ளிச் சுவரில் பட்டது. அடித்த பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும், தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அன்றே அந்த வலையைக் கழற்றினேன். கோல்ஃபுக்கென்றே விற்கும் நெருக்கமான வலை, அதற்குப் பின்னால் தொங்கும் தடிமனான துணி, இரண்டும் இல்லாமல் மாடியில் நிஜப் பந்தை அடிக்காதீர்கள்.

வலையின் நல்ல பக்கம், தினமும் காலை ஆறு மணிக்கு நாற்பது பந்து அடிக்க முடிகிறது. கெட்ட பக்கம், பந்து பத்தடியில் நின்றுவிடுகிறது. வலப்பக்கம் வளைந்திருக்குமா, நேராகப் போயிருக்குமா என்று தெரியாது. அதைவிட மோசமானது பாய். புல்தரையில் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டை பட்டால் மண்ணைத் தோண்டி, பந்து முப்பது கஜம் தள்ளி விழும். பாயில் அதே தப்பைச் செய்தால் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். சத்தமும் நன்றாகவே கேட்கும். ஒரு வருஷம் மாடியில் "டப்" என்று இனிமையாக அடித்துப் பழகிவிட்டுச் செட்டிபாளையம் போனபோது, முதல் ஐந்து ஹோலில் பந்தைவிட மண்ணைத்தான் அதிகம் அடித்தேன்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு, இரண்டும் வீட்டிலேயே இருக்கின்றன. ஒன்று, குளியல் துண்டு. நான்காக மடித்துப் பந்துக்கு நான்கு விரல்கடை பின்னால் போடுங்கள். மட்டை துண்டில் பட்டால் அது கெட்ட அடி, எவ்வளவு நல்ல சத்தம் வந்தாலும் சரி. இன்னொன்று, முகத்துக்குப் போடும் பவுடர். மட்டையின் முகத்தில் லேசாகத் தூவிவிட்டு அடித்தால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். எனக்கு அந்த வட்டம் நாற்பதில் முப்பது தடவை மட்டையின் குதிகால் பக்கமே, அதாவது தண்டை ஒட்டிய பக்கமே, விழுந்தது. பந்துக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அரை அடி தள்ளி நின்றதும் வட்டம் நடுவுக்கு வந்தது.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் நைலான் வலை ஒன்றரை வருஷம் தாங்கினால் பெரிது. நூல் வெளுத்து, விரலால் இழுத்தாலே அறும் நிலைக்கு வந்துவிடும். அடித்து முடித்ததும் சுருட்டி நிழலில் வைத்தால் இரட்டிப்பாக உழைக்கும். கனமில்லாத பாயை சிமென்ட் தரையில் போட்டு அடித்தால் அதிர்ச்சி முழுக்க முழங்கைக்கு ஏறும். எனக்கு ஒரு தீபாவளி வரை அந்த வலி இருந்தது. பாயில் மிச்சம் பிடிப்பதைவிட வலைச் சட்டத்தில் மிச்சம் பிடிக்கலாம்.

"சிப், பட் பழகினால் போதும், ஸ்கோர் தானாகக் குறையும்" என்று பலரும் சொல்வார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். (சிப் என்றால் குழிக்குக் கிட்டத்தில் இருந்து சின்னதாகத் தூக்கி அடிப்பது, பட் என்றால் உருட்டிக் குழியில் போடுவது. ஸ்கோர் என்பது அடிகளின் எண்ணிக்கை, குறைந்தால் நல்லது.) கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஆயிரக்கணக்கான ஆட்டங்களை எண்ணிப் பார்த்துச் சொன்னது வேறு: நன்றாக ஆடுகிறவருக்கும் சுமாராக ஆடுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியே இருந்து அடிக்கும் அடிகளில்தான் வருகிறது. ஆக, மாடி வலையில் ஏழாம் நம்பர் ஐயன் மட்டையைச் சுத்தமாக அடிக்கப் பழகுவது வீண் வேலை இல்லை.

பட் பழக வலையே வேண்டாம். கூடத்தில் ஐந்தடி தூரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து அதன் வாய்க்குள் பந்தை உருட்டுங்கள். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், டம்ளரின் வாய் அதைவிட நன்றாகவே சின்னது. ஒரு மாதம் டம்ளரில் பழகிவிட்டுக் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) நின்றால் குழி சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிதாகத் தெரியும். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களே எட்டடியில் இருந்து பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். ஐந்தடிக்குள் தைரியம் வந்தால் நமக்குப் போதும்.

## ஏற்காட்டுச் சரிவு

இதைத் தனி வழி என்று சொல்ல முடியாது, ஆனால் நம் ஊருக்கே உரிய ஒன்று. மாடியும் பாயும் சமதளம். கோடைக்கானல், வெலிங்டன், ஊட்டி மைதானங்களில் சமமான இடத்தில் பந்து கிடப்பதே அபூர்வம். நண்பரின் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, காபி உலர்த்தும் களத்தை ஒட்டி ஒரு புல்சரிவு இருக்கிறது. அங்கே ஸ்பாஞ்சுப் பந்தால் நான் கற்றது இவ்வளவுதான்: வலக்கைக்காரருக்குப் பந்து காலைவிட மேட்டில் இருந்தால் இடப்பக்கம் போகும், பள்ளத்தில் இருந்தால் வலப்பக்கம் போகும். இறக்கத்தில் நின்று அடிக்கும்போது தோளையும் சரிவுக்கு இணையாகச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மட்டை பந்துக்கு முன்னாலேயே மண்ணில் பட்டுவிடும். நிஜப் பந்து வேண்டவே வேண்டாம். செடி மறைவில் வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள், மேலே நிற்கிற நமக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள்.

## பயிற்சியாளர்

ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம், போக வர கோவை அல்லது பெங்களூர். கணக்குப் போட்டால் நான்கு வழிகளில் மணிக்கு அதிகச் செலவு இதற்குத்தான். ஆனாலும் முதல் காசை இதில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். நான் வலையை முதலில் வாங்கிப் பயிற்சியாளரை மூன்றாம் வருஷம் பார்த்தேன். அவர் என் பிடியைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே இடது கையைத் திருப்பி வைத்தார். அந்தத் திருப்பம் பழக எனக்கு ஏழு மாதம் பிடித்தது. மூன்று வருஷம் தப்பாகப் பழகியதை அழிக்கத்தான் அந்த ஏழு மாதமும்.

மறைவான செலவு என்னவென்றால், முதல் சில வாரம் ஸ்கோர் ஏறும். அதற்குப் பயந்து பழைய பிடிக்கே திரும்புகிறவர்கள் நிறைய. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேரிடம் யோசனை கேட்பது அதைவிடக் கெடுதல். ஒருவரைப் பிடித்தால் ஒரு வருஷம் அவரோடு இருங்கள்.

சேலத்தில் இருந்து போகிறவருக்கு ஒரு யோசனை: ஒரு மணி நேரமாக நான்கு முறை போவதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய் இரண்டு மணி நேரம் எடுங்கள். கிளம்பும்போது அவரையே உங்கள் கைபேசியில் இரண்டு காணொளி எடுத்துத் தரச் சொல்லுங்கள், முன்னால் இருந்து ஒன்று, பந்து போகும் திசைக்கு நேர் பின்னால் இருந்து ஒன்று. வீட்டில் அதே கோணத்தில் வாரம் ஒரு முறை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாடி வலையில் பாதிதான் தப்பு தெரியும் என்றேனே, மீதிப் பாதியில் கொஞ்சம் இப்படித் தெரியும். "ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அடுத்த முறை வரும்வரை அதை மட்டும் செய்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருவதும் நல்லது. பத்து விஷயத்தோடு வீடு திரும்பினால் சங்ககிரி தாண்டுவதற்குள் எட்டு மறந்துபோகும்.

## மாதம் ஒரு ஆட்டம்

அதிகாலை நான்கு மணிக்குச் சேலத்தை விட்டால் ஏழு மணிக்கெல்லாம் செட்டிபாளையத்தில் முதல் டீயில் (ஒரு ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) நிற்கலாம். போக வர 330 கிலோமீட்டர், என் காருக்கு 22 லிட்டர் பெட்ரோல். வைகுந்தம், விஜயமங்கலம் என்று சுங்கம். விருந்தினர் கட்டணம், கேடிக்குக் கூலி, காலை உணவு. 18 ஹோல் நடந்தால் எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர், நாலரை மணி நேரம். வீடு திரும்ப மாலை நான்காகிவிடும். ஓசூர்ப் பக்கம் போனாலும் இதே கணக்குதான், தொப்பூர் இறக்கத்தில் மட்டும் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டாதீர்கள்.

இவ்வளவு செலவு செய்து என்ன கிடைக்கிறது? ஆட்டம் கிடைக்கிறது. வலையில் நாற்பது பந்தும் ஒரே மட்டை, ஒரே தரை. மைதானத்தில் எந்த இரண்டு அடியும் ஒன்றாக இருக்காது. ஒரு ஆடி மாதம் எட்டாவது ஹோலில் நின்றிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேரே முகத்தில் அடித்தது. நான் பழக்கத்தில் டிரைவரை, அதாவது அதிக தூரம் அடிக்கும் பெரிய மட்டையை, உருவினேன். கேடி பையில் இருந்து ஐந்தாம் நம்பர் ஐயனை எடுத்து நீட்டினார்.

"டிரைவர் வேண்டாமுங்க சார். காத்துல ஏறி வலப்பக்கம் போயிரும். இதுல பாதி வீச்சுல அடிங்க, அந்த வேப்பமரத்துக்கு இடப்பக்கம் எடம் இருக்குது."

அடித்தேன். 130 கஜம்தான் போனது, ஆனால் புல்லின் நடுவில் கிடந்தது. அடுத்த அடியும் அதே மட்டை. ஐந்தில் முடித்தேன், போகி, அதாவது அந்த ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கையான பாரைவிட ஒன்று கூட. அதற்கு முன் அந்த ஹோலில் ஏழுக்குக் குறைந்து நான் எழுதியதே இல்லை. எங்கே அடிக்கக்கூடாது என்பதை எந்த மாடி வலையும் எனக்குச் சொன்னதில்லை. கேடிகளின் பேச்சைக் கேளுங்கள். 2009ல் இந்தியன் ஓப்பனை வென்ற முனியப்பா கேடியாக இருந்து வந்தவர்தான்.

இந்த வழியின் குறை, தப்பு நடந்தது தெரியும், ஏன் நடந்தது என்று தெரியாது. இன்னொன்று, மாதம் ஒரு முறைதான் என்பதால் அந்த ஒரு நாளின் மேல் ஏகப்பட்ட எதிர்பார்ப்பை ஏற்றிவிடுவோம். மூன்றாவது ஹோலில் எட்டு வாங்கினால் நாளே போச்சு என்று மனசு சோர்ந்துவிடும். அதற்கு நான் கண்ட வழி, ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் எண்ணுவது. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் கண்டுபிடித்த முறை, 1932ல் முதல் போட்டி நடந்தது. ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி, உங்கள் ஹேண்டிகேப்பை (திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் அடிச் சலுகை) கழித்து பார் வந்தால் 2, ஒன்று கூடினால் 1, இரண்டோ அதற்கு மேலோ கூடினால் 0. எட்டானாலும் பன்னிரண்டானாலும் இழப்பு ஒன்றுதான். பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். ஹேண்டிகேப் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2020ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் 54 ஹோல் ஸ்கோர் கொடுத்தால் போதும், அதாவது மூன்று ஆட்டம். உச்ச வரம்பு 54.0 என்பதால் நேற்று ஆரம்பித்தவருக்கும் இடம் உண்டு.

வருஷத்தில் ஒரு மாதத்தைக் கோடைக்கானலுக்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது. 1895ல் தொடங்கிய கிளப் அது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. கீழே 150 கஜம் போகும் மட்டை அங்கே சுமார் 10 கஜம் கூடப் போகும், கிரீனைத் தாண்டிப் பின்னால் விழும். ஒரு நம்பர் கூட்டி, ஏழுக்குப் பதில் எட்டு என்று, குறைந்த தூரம் போகும் மட்டையை எடுங்கள். ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவிட்ட புல்தரை) காட்டுமாடு மேய்ந்தால் அது நகரும்வரை நின்றே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பும் எனக்குப் பிடிக்கும்.

## புது மட்டை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனத்தின் புது டிரைவர் ஒன்றே ஐம்பதாயிரத்தைத் தொடும். "இந்த ஏழாம் நம்பர் 15 கஜம் கூடப் போகிறது" என்பார்கள். மட்டை முகத்தின் சாய்வு குறைந்தால் பந்து தூரம் கூடப் போகும். முப்பது வருஷத்துக்கு முன் ஏழாம் நம்பரின் சாய்வு 34 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தது, இன்று பல செட்டுகளில் 30க்கும் கீழே. பழைய ஆறாம் நம்பரில் ஏழு என்று எழுதினால் கூடத்தானே போகும்?

14 மட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் விதி, குறைந்தபட்சம் இவ்வளவு என்று விதி இல்லை. பழைய அரை செட் ஏழு மட்டை போதும். அதில் போட வேண்டிய காசு கைப்பிடி ரப்பரில்தான். வியர்வையில் இறுகி வழவழப்பான ரப்பரை மாற்றினாலே மட்டை புதிது மாதிரி கையில் நிற்கும். புது மட்டை நியாயமாகும் இடம் ஒன்று உண்டு: உங்கள் உயரத்துக்கோ வேகத்துக்கோ தண்டு பொருந்தவில்லை என்று பயிற்சியாளரே சொன்னால். நான் முன்பு சொன்ன ஏற்காட்டுத் தோழிக்கு அப்படித்தான். கணவரின் விறைப்பான தண்டுள்ள மட்டையோடு இரண்டு வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்.

## அந்த மூவருக்கும் நான் சொன்னது

மருத்துவருக்கு ஞாயிறு கூட முழுசாகக் கிடைக்காது, காலை ஆறிலிருந்து ஏழு மட்டும் அவருடையது. அவருக்கு இரண்டு முறை பயிற்சியாளர், உடனே நல்ல வலை, கனமான பாய். மைதானம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு ஞாயிறு முழுக்க விடுமுறை, இடுப்பு வலி உண்டு, தினமும் பழகும் பொறுமை இல்லை என்று அவரே சொல்கிறார். அவரை வலை வாங்காதே என்று தடுத்தேன். மாதம் ஒரு ஆட்டம், கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே காரில். பெட்ரோல் செலவு மூன்றில் ஒன்றாகிவிடும், ஐம்பதாயிரத்துக்குள் வருஷம் ஓடும். குழிக்குக் கிட்டத்தில் இருக்கும் முன் டீயில் இருந்து ஆடச் சொன்னேன், கௌரவம் பார்க்காமல். கூடத்தில் டம்ளர் மட்டும் தினமும் பத்து நிமிடம்.

ஏற்காட்டுத் தோழிக்குத்தான் புது மட்டை. அதுவும் பெண்களுக்கான இலகுவான தண்டுள்ள பழைய அரை செட், கோவையில் பயிற்சியாளர் முன்னிலையில் நான்கைந்தை அடித்துப் பார்த்த பிறகு. சரிவு அவருக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற அலைச்சலைக் கணக்கில் எடுத்து, இரண்டு நாள் தங்குகிற மாதிரி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகச் சொன்னேன்: முதல் நாள் பயிற்சி, மறுநாள் காலை ஆட்டம்.

மூவரிடமும் கூடுதலாகச் சொன்ன ஒன்று: கிளம்புவதற்கு முந்தின நாள் கிளப்புக்கு ஃபோன் போட்டு, அன்று உறுப்பினர் போட்டி இருக்கிறதா, விருந்தினருக்கு எத்தனை மணிக்கு இடம் என்று கேட்டுவிடுங்கள். நான் ஒரு முறை கேட்காமல் போய், பத்தரை மணி வெயிலில்தான் முதல் பந்தை அடித்தேன்.